செப்டிக் டேங்க் நிறைந்திருப்பது கோளாறு அல்ல

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். பழைய வீடு ஒன்றுக்கு ஐந்து பேர் குடிவந்திருக்கிறீர்கள். செப்டிக் டேங்க் உள்ளளவு சுமார் இரண்டு மீட்டர் நீளம், தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம், தண்ணீர் ஆழம் ஒரு மீட்டர். மூடியைத் திறந்து பார்த்தால் குழாய் மட்டம் வரை தண்ணீர் நிற்கிறது. முன்பு இருந்தவர்கள் பன்னிரண்டு வருடமாக அதைத் திறந்ததே இல்லை, எந்தத் தொந்தரவும் வரவில்லை என்கிறார்கள். மாதம் ஒருமுறை பாக்டீரியா பவுடர் போட்டால் சுத்தமே செய்ய வேண்டாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆனால் மழை பெய்தால் கீழ்த்தளக் கழிவறையில் களக் களக்கென்று சத்தம் வருகிறது. என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில் அந்தத் தண்ணீர் மட்டத்தைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் பெரும்பாலானோர் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். கட்டி முடித்துப் புழங்க ஆரம்பித்த சில நாட்களிலேயே வெளியேறும் குழாயின் அடிமட்டம் வரை நிறைந்துவிடும். அதற்குப் பிறகு வீட்டிலிருந்து பத்து லிட்டர் உள்ளே போனால் மறுபக்கம் பத்து லிட்டர் வெளியே போகும். அது சேமிப்புத் தொட்டி அல்ல. கழிவுநீரை ஓரிரு நாள் அசையாமல் நிறுத்திவைத்து, கனமானதை அடியில் தங்கவைத்து, எண்ணெயும் சோப்புப் பிசுக்கும் மேலே மிதக்கவிட்டு, நடுவிலுள்ள ஓரளவு தெளிந்த நீரை மட்டும் அனுப்பும் இடம். அடியில் தங்குவது கசடு. மேலே படர்வது ஏடு. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கசட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கின்றன. முழுதாக அல்ல, ஒரு பகுதியைத்தான்.

அந்த நடு நீர் தெளிவாகத் தெரிந்தாலும் சுத்தமானதல்ல. நோய்க்கிருமிகள் அதில் நிறையவே இருக்கும். அதனால்தான் அதைத் தெருவோர வாய்க்காலிலோ ஓடையிலோ விடக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். உண்மையான சுத்திகரிப்பு நடப்பது மண்ணில். உறிஞ்சுகுழியோ, ஓட்டைக் குழாய்கள் பதித்த உறிஞ்சு வாய்க்காலோ, உங்கள் வீட்டில் எது இருந்தாலும் அங்கே மண் துகள்களுக்கு இடையில் ஊறிப் போகும்போதுதான் கிருமிகள் வடிகட்டப்பட்டுச் சாகின்றன.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. டேங்கில் சேர்ந்த கசட்டை ஒரு காலைப் பொழுதில் லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிடலாம். மண்ணில் ஏறிய கசட்டை எடுக்க வழியே இல்லை. கசடு கலந்த நீர் உறிஞ்சுகுழிக்குப் போய்க்கொண்டே இருந்தால் குழியின் சுவரிலும் அடியிலும் கறுப்பாக, வழுவழுவென்று ஒரு படலம் பிடிக்கும். மெல்லியதாக இருக்கும்வரை அது நல்லதுதான், வடிகட்ட உதவும். தடித்துவிட்டால் மண்ணின் வாய் மூடிக்கொள்ளும். பிறகு புதுக் குழி தோண்ட வேண்டியதுதான். ஆகவே டேங்கைச் சுத்தம் செய்வது டேங்குக்காக அல்ல, உறிஞ்சுகுழியைக் காப்பாற்றத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாகவே கிடைக்கும்.

பன்னிரண்டு வருடக் கதைக்கு வருவோம். கழிவறைத் தண்ணீரோடு குளியல், சமையலறைத் தண்ணீரும் சேரும் டேங்கில், ஓர் ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 40 லிட்டர் கசடு சேரும் என்பது வடிவமைப்பில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. கழிவறைத் தண்ணீர் மட்டும் என்றால் 25 லிட்டர். ஐந்து பேருக்கு, 40 லிட்டர் வீதம், வருடத்துக்கு 200 லிட்டர். உங்கள் டேங்க் கொள்வது சுமார் 1800 லிட்டர். மூன்று வருடத்தில் 600 லிட்டர் கசடு, அதாவது மூன்றில் ஒரு பங்கு. சுத்தம் செய்ய வேண்டிய நேரம் அதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 2400 லிட்டர் வருகிறது. முன்பு இருந்தவர்களும் ஐந்து பேர் என்றே வைத்துக்கொள்வோம். 1800 லிட்டர் தொட்டியில் 2400 லிட்டர் எப்படி இருக்க முடியும்? மிச்சம் எங்கே போயிருக்கும்? வெளியேறும் குழாய் வழியாக உறிஞ்சுகுழிக்குத்தான். உள்ளே கசடு ஏற ஏறத் தண்ணீர் நிற்க இடம் குறைகிறது, ஓரிரு நாள் தங்க வேண்டிய நீர் சில மணி நேரத்தில் கடந்து போகிறது, போகும்போது கசட்டையும் அரித்துக்கொண்டு போகிறது. இத்தனைக்கும் வீட்டுக்குள் ஒரு அறிகுறியும் தெரியாது. ஃபிளஷ் நன்றாகப் போகும், நாற்றம் இருக்காது. தொந்தரவு வரவில்லை என்று அவர்கள் சொன்னது பொய்யல்ல. தொந்தரவு மண்ணுக்கடியில் சேர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வருடக் கணக்கு ஒரு தோராயம். சரியான வழி அளந்து பார்ப்பது. ஒரு நீளமான குச்சி அல்லது பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுங்கள். வெளியேறும் பக்கத்து மூடியைத் திறந்து, சிறிது நேரம் தள்ளி நின்று காற்றாட விட்டு, குச்சியை மெதுவாகச் செங்குத்தாக இறக்கி அடித்தளத்தைத் தொடவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் அசைக்காமல் பிடித்திருந்து அதே நிதானத்தில் வெளியே எடுங்கள். துணியில் கீழ்ப்பகுதி கறுத்துத் துகள்கள் அப்பியிருக்கும். அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் வெறும் ஈரம். இரண்டுக்கும் இடையே கோடு போட்டதுபோல் பிரிந்து தெரியும். அந்தக் கறுப்பின் உயரம்தான் கசட்டின் உயரம். உங்கள் டேங்கில் அது 33 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டால் லாரியைக் கூப்பிடுங்கள். மேலே மிதக்கும் ஏட்டையும் பார்க்க வேண்டும். அதன் அடிப்பகுதி, வெளியேறும் வாயில் கீழ்நோக்கி நீளும் T வடிவக் குழாயான டீ பைப்பின் கீழ்முனைக்குப் பதினைந்து சென்டிமீட்டர் அருகில் வந்துவிட்டாலும் எடுக்க வேண்டியதுதான். அளக்கும்போது நின்றபடியே அளக்க வேண்டும், குனிந்து முகத்தை ஓட்டைக்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது. பக்கத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும். தீக்குச்சி, சிகரெட் எதுவும் அருகில் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. செப்டிக் டேங்குக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் தேங்கி நிற்கும். முதலாவது தீப்பிடிக்கும். இரண்டாவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், ஆனால் நாற்றத்தை நம்பி இருக்க முடியாது. காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு அளவை எட்டினாலே மூக்கு மரத்துப் போய் நாற்றம் தெரியாமல் போய்விடும். நாற்றம் போய்விட்டது என்று ஆள் இன்னும் கொஞ்சம் குனிகிறார். அளவு இன்னும் கூடினால் சில மூச்சிலேயே மயக்கம். கசட்டைக் கிளறும்போது அடியில் அடைபட்டிருந்த வாயு ஒரேயடியாகக் கிளம்புவதால், சற்றுமுன் பாதுகாப்பாக இருந்த இடம் அடுத்த நிமிடம் சாவுக் குழியாகிறது.

ஆகவே எந்தக் காரணத்துக்காகவும், எவரையும், செப்டிக் டேங்குக்குள் இறங்கவிடாதீர்கள். தண்ணீர் எடுத்தாயிற்று, அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை என்று சொன்னாலும் விடாதீர்கள். மூக்கில் துணி கட்டினால் இந்த வாயு நிற்காது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986ல் வெளியிட்ட எச்சரிக்கையில் ஒரு விஷயம் இருக்கிறது: இப்படி மூடிய இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், முதலில் விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்கள். அண்ணன் விழுந்தான் என்று தம்பி குதிப்பது, தம்பிக்காக அப்பா குதிப்பது. யாராவது மயங்கி விழுந்தால் நீங்கள் இறங்கக் கூடாது. உடனே தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு, உள்ளே ஒருவர் மயங்கிக் கிடக்கிறார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். சுவாசக் கருவியோடு வருபவர்களால் மட்டும்தான் அவரை எடுக்க முடியும். மூடி விரிசல் விட்டிருந்தாலும், ஆடினாலும் இன்றே மாற்றுங்கள். குழந்தைகள் விளையாடும் வீட்டில் இது தள்ளிப்போடும் வேலை அல்ல.

சுத்தம் செய்யும் நாளில் வீட்டில் ஒருவர் கூடவே நின்று பார்ப்பது நல்லது. சும்மா நிற்காமல் சிலவற்றைக் கவனியுங்கள். சிறிய சோதனை ஓட்டை வழியாகக் குழாயை விட்டு உறிஞ்சினால் நீர் வந்துவிடும், கசடு அப்படியே கிடக்கும். பெரிய மூடியைத் திறந்து, குழாயை அடிவரை விட்டு, கெட்டியாகிப் போனதைத் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி எடுக்கச் சொல்லுங்கள். டேங்கில் தடுப்புச் சுவர் இருந்தால் இரண்டு அறையையும் எடுக்க வேண்டும். இரண்டாவது அறையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. உறிஞ்சுகுழிக்கு அடுத்திருப்பது அதுதான்.

அப்புறம், மட்டம் இறங்கியவுடன் வெளியேறும் குழாயைப் பாருங்கள். அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் டேங்குக்குள் திரும்பி வருகிறதா? வந்தால் உறிஞ்சுகுழியில் தண்ணீர் அந்த மட்டம் வரை நிற்கிறது, மண் குடிக்கவில்லை என்று அர்த்தம். ஒருமுறை ஒரு வீட்டில் டேங்கைக் காலி செய்து முடித்து லாரிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால் டீ பைப்பின் வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் விரல் தடிமனில் ஒழுகிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடமாகியும் நிற்கவில்லை. அந்த வீட்டுக்காரர் அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்துவந்தார். டேங்கில் ஒரு குறையும் இல்லை, குழிதான் செத்திருந்தது. இதை முன்பே யாராவது நின்று பார்த்திருந்தால் அத்தனை லாரிச் செலவும் மிஞ்சியிருக்கும்.

அதோடு டீ பைப் உடையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே மிதக்கும் ஏடு வெளியே போகாமல் தடுப்பது அந்தச் சின்னத் துண்டுதான். பழைய வீடுகளில் அது துருப்பிடித்தோ உடைந்தோ விழுந்திருக்கும். சுவர்களைத் தேய்த்துக் கழுவ வேண்டிய தேவையில்லை, ஒட்டியிருக்கும் மிச்சத்திலிருந்து பாக்டீரியா மறுபடி பெருகிக்கொள்ளும். பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் தொட்டியாக இருந்தால் காலி செய்த உடனே தண்ணீர் நிரப்புங்கள். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது காலித் தொட்டி படகுபோல் மிதந்து மேலே வந்துவிடும், குழாய்கள் முறிந்துவிடும். வெள்ளம் நிற்கும்போது எந்த டேங்கையும் காலி செய்யக் கூடாது என்பதும் இதனால்தான்.

எடுத்த கசட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று லாரிக்காரரைக் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது என்று உறுதியாகத் தெரிந்தவரை மட்டும் கூப்பிடுங்கள். நம் வீட்டுக் கசடு இன்னொருவர் குடிக்கும் ஏரிக்குப் போகக் கூடாது.

இனி பவுடர். வேண்டாம். மனிதக் கழிவிலேயே தேவைக்கு மேல் பாக்டீரியா இருக்கிறது, தினமும் புதிதாக வந்துகொண்டும் இருக்கிறது. எந்தப் பாக்டீரியாவாலும் மணலையும் முடியையும் துணி நூலையும் தின்ன முடியாது. கசட்டில் அதுவும் ஒரு பங்கு. சில ரசாயனங்கள் கசட்டைக் கரைப்பதுபோலக் கிளப்பிவிட்டு உறிஞ்சுகுழிக்குத் தள்ளிவிடும். டேங்க் சுத்தமானதாகத் தெரியும், குழி கெட்டுப்போகும். ஈஸ்ட் போடுவதும் இதே கதைதான். அடைப்பு என்று ஆசிட் ஊற்றுவது இன்னும் மோசம். காங்கிரீட்டை அரிக்கும், பாக்டீரியாவைக் கொல்லும்.

கழிவறை கழுவும் திரவம் போட்டாலே பாக்டீரியா செத்துவிடும் என்று பயப்படவும் தேவையில்லை. அர்கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1987ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுமார் 3800 லிட்டர் டேங்கில் பாக்டீரியாவை அழிக்க ஏறக்குறைய ஏழு லிட்டர் திரவ பிளீச் தேவைப்பட்டது. அடைப்பு நீக்கும் காஸ்டிக் படிகம் என்றால் அதைவிட மிகக் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது. இரண்டு மூன்று நாளில் பாக்டீரியா திரும்ப வந்துவிட்டது. வாரம் ஒருமுறை அளவாகக் கழுவுவதால் ஒன்றும் ஆகாது. பாட்டில் பாட்டிலாக ஊற்றாதீர்கள், அடைப்பு நீக்கும் படிகத்தை விட்டுவிடுங்கள்.

உள்ளே போகக் கூடாதவற்றைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன். நாப்கின், டயபர், ஆணுறை, பஞ்சு, பெயிண்ட், மீந்துபோன மருந்து, பயன்படுத்திய சமையல் எண்ணெய். ஈரத் துடைப்பான் உறையில் ஃபிளஷ் செய்யலாம் என்று அச்சடித்திருந்தாலும் செய்யாதீர்கள். வருடக்கணக்கில் மக்காமல் ஏட்டோடு பின்னிக்கொண்டு கயிறாகத் திரிந்து கிடப்பதைத் திறந்த டேங்குகளில் பார்த்திருக்கிறேன்.

பலர் யோசிக்காதது தண்ணீரின் அளவு. டேங்குக்குத் தேவை அமைதி. ஒரே நாளில் ஐந்து முறை வாஷிங் மெஷின் ஓடினால் உள்ளே வெள்ளம் பாய்ந்து, தங்கிய கசடு கலங்கி வெளியேறும். துணியை வாரத்தில் பிரித்துத் துவையுங்கள். ஒழுகும் ஃபிளஷ் தொட்டி ஒரு நாளில் 700 லிட்டருக்கு மேல்கூட வீணாக்கும். ஐந்து பேர் வீட்டுக்கு அது ஏறக்குறைய இன்னொரு குடும்பம் குடிவந்த மாதிரி. ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் உணவு நிறமி கலந்து அரைமணி நேரம் யாரும் அழுத்தாமல் விட்டுப் பாருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் அடி வால்வு ஒழுகுகிறது. மாற்றுவது சின்ன வேலைதான்.

உறிஞ்சுகுழிக்கு மேலே கார் நிறுத்த வேண்டாம், சிமெண்ட் தளம் போட வேண்டாம், மரம் வைக்க வேண்டாம். வேருக்கு நீரும் உரமும் ஒரே இடத்தில் கிடைத்தால் குழாய் இணைப்பின் மயிரிழை இடைவெளியிலும் நுழைந்துவிடும். புல் மட்டும் இருக்கட்டும். அந்தப் புல் ஒரு இடத்தில் மட்டும் காரணமில்லாமல் கரும்பச்சையாகத் தழைத்தால், காலை வைத்தால் சொதசொதவென்றிருந்தால், கீழே நீர் மேலேறுகிறது. உங்கள் கிணறோ போர்வெல்லோ உறிஞ்சுகுழியிலிருந்து முப்பது மீட்டருக்குள் இருந்தால் தண்ணீரை ஒருமுறை கிருமிச் சோதனைக்குக் கொடுங்கள்.

கடைசியாக அந்தக் களக் களக் சத்தம். ஒரு கழிவறையில் மட்டும், எந்நேரமும் வந்தால் அந்தக் குழாயில் அடைப்பு என்பேன். காற்றுக் குழாய் அடைத்திருந்தாலும் சத்தம் வரும். உச்சியில் பறவை கூடு கட்டியிருக்கலாம், கொசுவலை தூசியால் மூடியிருக்கலாம். ஆனால் உங்களுக்கு மழையில் மட்டும் வருகிறது. அடுத்த மழையின்போது சத்தம் கேட்டதும் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் குழாயின் அடிமட்டத்துக்கு மேலே ஏறி நின்றால் உறிஞ்சுகுழி வாங்கவில்லை. மட்டம் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் கோளாறு டேங்குக்கு முன்னால், குழாயிலோ காற்றுக் குழாயிலோ. வெயில் நாட்களில் மட்டம் வெளியேறும் குழாய்க்குக் கீழே இறங்கியிருந்தால் டேங்க் ஒழுகுகிறது. அப்படி ஒழுகும் டேங்குக்குள் மழையில் நிலத்தடி நீர் வெளியிலிருந்து புகும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் குழி வாங்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் குழி முழுதாகச் செத்துவிட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மாடிக் குழாய் உறிஞ்சுகுழிப் பக்கம் கொட்டினால் அதைத் திருப்புங்கள். டேங்க் மூடி தரைமட்டத்தில் இருந்தால் சுற்றிலும் ஒரு சாண் உயர்த்திக் கட்டுங்கள், மழை நீர் உள்ளே வழியக் கூடாது. மழை ஓய்ந்து நிலம் கொஞ்சம் காய்ந்ததும் டேங்கைக் காலி செய்து, டார்ச் அடித்து, அந்த டீ பைப்பின் வாயைப் பாருங்கள். காய்ந்து கிடந்தால் குழி பிழைத்துக்கொள்ளும், இனி கசடு போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நீர் திரும்பி வந்தால் இரண்டாவது குழி ஒன்று வேண்டும். அப்போதும் பழையதை மூடிவிடாதீர்கள். தண்ணீரை எந்தக் குழிக்கு விடுவது என்று மாற்றிவிட உதவும் ஒரு சிறு திருப்புத் தொட்டியை இரண்டுக்கும் நடுவே வைத்து, பழைய குழிக்குச் சில மாதம் ஓய்வு கொடுங்கள். காற்றுப் பட்டால் அந்தக் கறுப்புப் படலம் காய்ந்து சிதையும், மண் ஓரளவு திறந்துகொள்ளும். பிறகு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

காலி செய்த தேதியையும், டேங்க், குழி, மூடி எங்கெங்கே இருக்கின்றன என்று சுவரிலிருந்து அளந்த தூரங்களையும் ஒரு தாளில் வரைந்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். உங்களுக்கு முன் இருந்தவர்கள் அப்படி ஒரு தாள் வைத்திருந்தால் இந்தக் கேள்வியில் பாதி எழுந்திருக்காது.